ஒரு வீடு, ரெண்டு புரோக்கர்

இன்னைக்கு மருத்துவ திரெட் இல்ல, வாடகை வீட்டு திரெட். சென்னைக்கு பி.ஜி. சேர வர்ற ஜூனியர்ஸ் எங்கிட்ட முதல்ல கேக்குறது ட்யூட்டி பத்தி இல்ல, வீடு பத்திதான்.

இங்க புரோக்கருக்கு ஒரு மாச வாடகை கமிஷன். வழக்கம்தான், பேசினா குறையும். பிரச்சினை அதே காசை ரெண்டு தடவை கேக்கும்போதுதான்.

போன வருஷம் ஒரு ஜூனியர் பொண்ணு. வாடகை 18,000. ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினார், அதோட சரி. இன்னொருத்தர் கூட்டிட்டுப் போய் வீட்டைக் காமிச்சார். டோக்கன் அட்வான்ஸ் குடுத்த அன்னைக்கு சாயந்திரமே முதல் ஆள் போன்: "நான்தாம்மா முதல்ல காமிச்சேன், என் ஒரு மாசம் எங்க?" ரெண்டு பேருக்கும் சேத்து 36,000. ஸ்டைபண்ட்ல பாதிக்கு மேல போயிடும்.

நான் ஓனருக்கு போன் போட்டேன். முதல் ஆளை அவருக்குத் தெரியவே தெரியாது. ஏதோ குரூப்ல வந்த போட்டோவ ஃபார்வர்ட் பண்ணியிருக்கார். பேச்சுவாக்குல இன்னொன்னும் தெரிஞ்சது: ரெண்டாவது ஆள் ஓனர்கிட்டயும் அரை மாச வாடகை பேசியிருந்தார். இதப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு விடல. "அங்க அரை மாசம்னா இங்கயும் அரை மாசம்"னு சொன்னோம். முனகிட்டே 9,000 வாங்கிக்கிட்டார். முதல் ஆள் ஒரு வாரம் போன் பண்ணிட்டு விட்டுட்டார்.

(நோயாளிய அனுப்பினதுக்கு கமிஷன் வாங்கக்கூடாதுன்னு டாக்டர்களுக்கு 2002 விதிமுறைல இருக்கு. யாரும் வாங்கலையான்னு கேக்காதீங்க, அதுக்குத் தனி திரெட் வேணும்.)

அதனால வீடு பாக்கப் போறதுக்கு முன்னாடியே புரோக்கருக்கு ஒரு மெசேஜ் போடுங்க. கமிஷன் எவ்வளவு, ஓனர்கிட்டயும் வாங்குறீங்களா, நடுவுல வேற புரோக்கர் வந்தா உங்களுக்குள்ள பங்கு பிரிச்சுக்கணும். "சரி"ன்னு ஒரு பதில் வந்தா போதும். பணம், அக்ரிமென்ட் கையெழுத்தாகி சாவி கைக்கு வந்தப்புறம்தான், அதுவும் ஜிபேல. ஜிஎஸ்டி 18% சேத்துக் கேட்டா ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கேளுங்க, நம்பர் இல்லாதவர் அந்த வரிய வசூலிக்கவே கூடாது. 11 மாசம் கழிச்சு ரினியூவலுக்கும் கமிஷன்னு சிலர் வருவாங்க. நீங்களும் ஓனரும் நேரா பேசிக்கிட்டா அங்க அவருக்கு என்ன வேலை?

வாங்குறவங்களுக்கு இன்னும் பெரிய தொகை. 70 லட்சத்துக்கு 2%னா 1,40,000. ரெரால பதிவான ப்ராஜெக்ட்னா, அதை விக்கிற ஏஜென்ட்டும் 2016 சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும். தமிழ்நாடு ரெரா வெப்சைட்ல பேர் போட்டுப் பாருங்க. வாடகை வீட்டுக்கு ரெரா வராது, அங்க அந்த வாட்ஸ்அப் "சரி"தான் உங்க கையில இருக்கிற சாட்சி.