பாட்டுக்காரருக்கு ஒரு கதிரை



கொஞ்சம் நீளமான பதிவு, நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, சேருக்கு என்ன நடந்தது என்று வீட்டுக்குக் கோல் எடுக்க வேண்டாம். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தையும் இங்கே தொடங்க வேண்டாம், அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வயது போனவர்களைப் பற்றி. அதை யோசிக்க வைத்தவர் ஒரு பாட்டுக்காரர், அவ்வளவுதான்.

2025 ஜூலை 23ஆம் திகதி. சுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகன் முன் விறாந்தையில் ஃபோனும் கையுமாக இருக்கிறான். கண் சிவந்து போயிருக்கிறது. "ஆரு மகன் மௌத்து?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஓஸி, வாப்பா" என்றான். எங்கள் குடும்பத்திலும் ஊரிலும் அந்தப் பெயரில் ஆளில்லை.

பிறகுதான் விளங்கியது. ஓஸி ஒஸ்போர்ன். பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ரொக் குழுவின் பாடகர். 1982இல் அமெரிக்காவில் மேடையில் வைத்து வௌவாலின் தலையைக் கடித்த ஆள் என்று எங்கள் கம்பஸ் காலத்திலேயே கதை உண்டு. ரப்பர் பொம்மை என்று நினைத்துத்தான் கடித்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். "இந்த ஆளுக்கா அழுறாய்" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மகன் ஒன்றும் சொல்லாமல் ஒரு வீடியோவை நீட்டினான்.

அவர் மௌத்தாவதற்கு 17 நாள் முன் நடந்த கச்சேரி அது. ஜூலை 5, பேர்மிங்ஹாம் நகரின் வில்லா பார்க் மைதானம். ஓஸி வளர்ந்த ஆஸ்டன் பகுதியில்தான் அந்த மைதானமும் இருக்கிறது. பகலிலிருந்தே மெட்டாலிக்கா, கன்ஸ் அன்ட் ரோசஸ் என்று பெரிய பெரிய குழுக்கள் வந்து, தங்கள் பாட்டோடு அவருடைய பாட்டுகளையும் பாடிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் கதிரை மேலே எழும்பி வருகிறது. அதன் உச்சியில் ஒரு வௌவால். அந்தக் கதிரையில் அவர்.

வயது 76. தனக்குப் பார்கின்சன் நோய் இருப்பதை 2020இல் வெளியில் சொன்னவர். விழுந்து முதுகெலும்பில் பல சத்திரசிகிச்சை செய்தவர். நடக்க ஏலாது. கதிரையில் இருந்தபடியே முதலில் ஐந்து பாட்டு. பிறகு பிளாக் சபாத்தின் ஆரம்ப கால நால்வரும் சேர்ந்து நான்கு பாட்டு. அந்த நால்வரும் ஒரே மேடையில் வாசித்து 20 வருடமாகியிருந்தது. சில இடங்களில் குரல் சுருதியை விட்டு நழுவுகிறது, அந்த இடத்தை நிரப்பி சனம் பாடுகிறது. அவர் கையைத் தட்டுகிறார், கண்ணை உருட்டுகிறார், இன்னும் சத்தம் போடுங்கள் என்கிறார். கால் மட்டும்தான் எழும்பவில்லை.

"நடக்க ஏலாதவர் ஏன் வாப்பா மேடைக்கு வரணும், இது பாவம் எண்டு கொஞ்சப் பேர் எழுதியிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று மகன் கேட்டான்.

முப்பது வருடம் படிப்பித்தவனுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் கையோடு இருக்கும். "மரியாதையோட முன்னமே நிப்பாட்டியிருக்கணும்" என்றேன். சொன்ன பிறகு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. இதே வசனத்தை இதற்கு முன்பும் ஒரு தடவை நான் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்றிலிருந்து இரண்டு மூன்று கிழமை இந்த விசயத்தையே தேடித் தேடி வாசித்தேன். ரொக் இசை இளைஞர்களின் வேலையாகத்தான் தொடங்கியது. 1965இல் த ஹூ குழு ஒரு பாட்டு வெளியிட்டது. வயது போவதைவிடச் செத்துப்போவது மேல் என்ற மாதிரி அதில் ஒரு வரி வரும். எழுதிய பீட் டவுன்ஷெண்டுக்கு அப்போது 20 வயது. 1982இல் அந்தக் குழு பிரியாவிடைப் பயணம் செய்தது. 2025இல் மறுபடியும் ஒரு பிரியாவிடைப் பயணம், டவுன்ஷெண்டுக்கு 80 வயது, பாடகருக்கு 81. எல்டன் ஜோன் 2018இல் விடைபெறத் தொடங்கி 2023 ஜூலையில்தான் முடித்தார். இடையில் கொரோனா வந்ததையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எங்கள் ஊர்ப் பிரியாவிடை விழாக்களின் நீளத்தைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஓஸியும் குறைந்தவரல்ல. 1992இல் இனிப் பயணமே இல்லை என்று பெயர் வைத்து ஒரு பயணம் போனார். 1995இல் திரும்பி வந்தார். ஓய்வு என்பது பெரிய தொல்லை என்ற பொருளில் அந்தப் பயணத்துக்குப் பெயர்!

ரோலிங் ஸ்டோன்ஸைப் பார்த்தால் எனக்கே களைக்கிறது. மிக் ஜாகர் 1943இல் பிறந்தவர். 2019இல் இதய வால்வுக்குச் சிகிச்சை செய்து மூன்று மாதத்துக்குள் மேடையில் ஓடித் திரிந்தார். 2024இல் அவர்களுடைய அமெரிக்கப் பயணத்துக்கு அனுசரணை வழங்கியது அந்நாட்டின் மூத்தோர் அமைப்பு ஒன்று. சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது.

இவர்கள் காசுக்காகத்தான் போகிறார்கள் என்று சொல்வது சுலபம். காசு உண்டுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஓஸியின் கடைசிக் கச்சேரி வருமானம் பார்கின்சன் நோய்க்கான அமைப்பு ஒன்றுக்கும், சிறுவர் வைத்தியசாலைக்கும், நோயாளிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் காசுக் கணக்கால் விளங்காத ஒன்று இருக்கிறது. ஏசி டிசி குழுவின் கிட்டார்க்காரர் மல்கம் யங். குழுவின் இசைக்கு முதுகெலும்பே அவர்தான். ஞாபகம் தவறத் தொடங்கிய பிறகு, தான் உருவாக்கிய இசையையே மறுபடி பழகிப் பழகி மேடைக்குப் போனார். 2014இல் மறதி நோயால் விலகினார், 2017இல் காலமானார். தன் சொந்த வேலையைப் புதிய மாணவன் போல உட்கார்ந்து படித்த அந்த மனிதனை நினைத்தால், அவரைப் பார்த்து "நிறுத்தியிருக்கலாமே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக எல்லோரும் சாகும் வரை பாட வேண்டும் என்பதல்ல. ஏரோஸ்மித் குழு 2024இல் பயணங்களை நிறுத்தியது. பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளையில் ஏற்பட்ட காயம் முழுதாகச் சுகமாகவில்லை. அது நேர்மையான முடிவு. சனம் டிக்கட் எடுத்து வருகிறது. முன்பு பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பதைவிட வீட்டில் இருப்பது நல்லது. படிப்பிக்கச் சக்தியில்லாமல், கையொப்பம் வைக்க மட்டும் பாடசாலைக்கு வரும் எங்களைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும். கோபிக்க வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃபில் கொலின்ஸ் வேறு மாதிரிச் செய்தார். உலகம் அறிந்த ட்ரம்ஸ்காரர். நரம்புப் பாதிப்பால் ட்ரம்ஸ் குச்சியைப் பிடிக்க ஏலாமல் போனது. ஜெனிசிஸ் குழுவின் கடைசிக் கச்சேரி 2022 மார்ச்சில் லண்டனில். அவர் நடு மேடையில் கதிரையில் இருந்து பாடுகிறார், பின்னால் ட்ரம்ஸ் வாசிப்பது அவருடைய மகன் நிக். ஏலாததை மகனிடம் கொடுத்தார், ஏலுமானதைத் தானே செய்தார். மேடையை விட்டும் போகவில்லை, மேடையை மறித்துக்கொண்டும் இருக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். யூசுப் இஸ்லாம், முன்பு கெட் ஸ்டீவன்ஸ். கம்பஸ் அறையில் என் நண்பனிடம் அவருடைய பழைய கெசட் ஒன்று இருந்தது, மெல்லிய சத்தத்தில் போடுவான். 1970களின் நடுவில் அமெரிக்காவின் மாலிபு கடலில் மூழ்கப் போன நேரம் இறைவனை அழைத்தார், பிறகு சகோதரர் கொடுத்த குர்ஆனை வாசித்து 1977இல் இஸ்லாத்துக்கு வந்தார் என்பதை நம்மில் பலர் பயானில் கேட்டிருப்போம். 1979இல் லண்டனில் கடைசியாக ஒரு கச்சேரி, அதோடு மேடையை விட்டார். கிட்டார்களை ஏலத்தில் விற்றுத் தர்மத்துக்குக் கொடுத்தார். அப்போது வயது 31. 1983இல் லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். ஆசிரியன் என்ற முறையில் அதற்காகவே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

பிறகு மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிட்டாரை ஒரு நாள் கையில் எடுத்தார். 2006இல், 58 வயதில், மறுபடி இசைத்தட்டு வெளியிட்டார். அவர் விட்டபோது மாஷா அல்லாஹ் சொன்ன சிலர், அவர் திரும்பியபோது முகத்தைச் சுளித்தார்கள். நானும் கொஞ்சம் சுளித்தேன். 2023இல் 74 வயதில் கிளாஸ்டன்பரி விழாவில் அவர் பாடியதை மகன்தான் எனக்குக் காட்டினான். அவர் செய்தது சரியா பிழையா என்று நான் சொல்ல வரவில்லை. உச்சத்தில் இருந்தபோது விட்டதும் அவர் முடிவு, தாடி நரைத்த பிறகு திரும்பி வந்ததும் அவர் முடிவு. யாரும் கடிதம் கொடுத்து அவரை அனுப்பவில்லை.

கடிதம் என்றேன். இனி அந்தக் கதை.

எங்கள் பள்ளிவாசலில் நீண்ட காலம் பாங்கு சொன்ன மோதினாரை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை, அவர் பிள்ளைகளிடம் அனுமதி கேட்கவில்லை. பாங்கையும் பாட்டையும் நான் ஒப்பிடவில்லை, நஊது பில்லாஹ். மனிதர்களைத்தான் ஒப்பிடுகிறேன். கடைசி வருடங்களில் அவருக்கு நடுவில் மூச்சு வாங்கும், குரல் நடுங்கும். ஒலிபெருக்கியில் அந்த இளைப்பும் சேர்ந்து ஊர் முழுக்கக் கேட்கும். பக்கத்துப் பள்ளியில் இளம் ஹாபிழ் ஒருவர் மக்காவில் சொல்வது போலச் சொல்வார். வட்ஸ்அப் குரூப்பில் முறைப்பாடு, பகிடி, ஒருவர் அதைப் பதிவு செய்தும் போட்டார். நிர்வாகம் கூடியது. "மரியாதையோட முன்னமே நிப்பாட்டியிருக்கணும்" என்று அந்தக் கூட்டத்தில் சொன்னவன் நான்தான். என் தமிழ் நன்றாயிருக்கும் என்று கடிதம் எழுதும் பொறுப்பையும் தந்தார்கள். அழகாகத்தான் எழுதினேன். ஜும்ஆவுக்குப் பிறகு பொன்னாடை, ஒரு கவர், துஆ. பத்து நிமிடத்தில் முடிந்தது.

எல்லோரும் போன பிறகு ஹவுளடியில் என் கையைப் பிடித்தார். "மகன், மத்த நேரம் வேணாம். சுபஹுக்கு மட்டும் நான் சொல்லட்டா? அந்த நேரம் ஆக்கள் குறைவுதானே" என்று கேட்டார். மைக் இல்லாமல் சொல்லவும் தயார் என்றார்.

"கமிட்டில கேட்டுச் சொல்றன்" என்றேன்.

நான் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறந்தது உண்மை. அதற்கடுத்த கூட்டத்தில் ஞாபகம் வந்தது, ஆனால் கூரை வேலைக் கணக்கு நீண்டுபோனதால் விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் அவர் மௌத்தானார்.

ஓஸியின் வீடியோவைப் பார்த்த அந்தக் கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மகளிடம் விசயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவ கோபப்படவில்லை. தேத்தண்ணி தந்தா. "வாப்பா கடைசி வரைக்கும் வீட்டுக்குள்ள பாங்கு சொன்ன சேர். கட்டில்ல இருந்துகொண்டு சொல்லுவார். பள்ளில சொல்ற சத்தம் கேட்டா நிப்பாட்டி, அது முடியுமட்டும் காத்திருந்து, பிறகு விட்ட இடத்திலருந்து சொல்லுவார்" என்றா.

பேர்மிங்ஹாமில் அந்தக் கறுப்புக் கதிரையை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். நடக்க ஏலாது என்றால் இருந்து பாடட்டும், அதற்கு என்ன வழி என்று ஒரு கூட்டத்தில் பேசியிருப்பார்கள். தச்சன், மின்சாரக்காரன் என்று பலர் வேலை செய்திருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் நாங்கள் பேசியது எந்தத் திகதியில் அனுப்புவது என்பதை மட்டும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம். மூன்றாவது விடயம் குர்ஆன் மத்ரசா ஹஸரத். கண் பார்வை குறைந்துவிட்டது, பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓதும்போது பிழை தப்பிப் போகிறது என்ற முறைப்பாடு உண்மைதான், நானே பார்த்தேன். பெரிய வகுப்பைப் புது மௌலவி எடுக்கட்டும். அலிஃப் பே படிக்கும் சின்னவர்கள் ஹஸரத்திடமே இருக்கட்டும். அவர்களுக்கு ஓதிக் கொடுக்க அவருக்குக் கிதாபே தேவையில்லை. தரையில் இருந்து எழும்பக் கஷ்டப்படுகிறார், கைப்பிடி வைத்த கதிரை ஒன்று வேண்டும். கதிரைக்கு நான் பொறுப்பு.

ஆனால் இதையெல்லாம் முடிவு செய்ய முன், யாராவது ஒருவர் அவரிடம் போய் உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்க வேண்டும். நாளை மஃரிபுக்குப் பிறகு நான் போகிறேன். கூட வர விரும்புபவர்கள் பள்ளி முன் கேட்டடியில் நில்லுங்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள், கொமன்டில் சண்டை வேண்டாம்.