இரண்டிலிருந்து எட்டு வரை

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அறிமுகப்படுத்திய 'டேட்டாஒன்' பிராட்பேண்டின் சில திட்டங்களில் ஒரு சலுகை இருந்தது. இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு டவுன்லோடு செய்தாலும் கணக்கில் சேராது. கண்விழித்துப் படம் இறக்குகிற பையன்களுக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மயிலாப்பூரில் அதை அதிகம் அனுபவித்தது தாத்தா பாட்டிகள்தான் என்பது என் கட்சி. நாலரைக்கே எழுந்து பழகியவர்கள். மார்கழியில் மாட வீதியில் பஜனை சுற்றி வருகிற ஐந்தரை மணிக்கு நியூஜெர்சியில் முந்தின நாள் மாலை ஏழு. பிள்ளை ஆபீசிலிருந்து வந்து, பேரனைச் சாப்பிட உட்கார வைக்கிற நேரம். பாபநாசம் சிவன் முன்நின்று பாடிப்போன அந்த வீதி பஜனையின் ஜால்ராச் சத்தம், வெப்கேம் மைக் வழியாக அமெரிக்கா வரை கேட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அதற்கெல்லாம் இருந்தது ஒரு மோடம், ஒரு கம்ப்யூட்டர். எங்கள் வீட்டுக்கு வந்தது கறுப்புப் பெட்டி. போன் வயருக்கு ஒரு ஓட்டை, கம்ப்யூட்டருக்குப் போகும் ஈதர்நெட் வயருக்கு ஒன்று, யு.எஸ்.பி.க்கு ஒன்று, அடாப்டருக்கு ஒன்று. வைஃபை கிடையாது. கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை போடுகிற வழக்கப்படி அம்மா மோடத்துக்கும் ஒன்று தைத்துப் போட்டாள். பெட்டி சூடேறி மயங்கும். உறையை எடுத்து விசிறியடியில் வைத்தால் தெளியும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்ட காலத்து டயல்அப்பில், நெட்டில் இருந்தால் போன் கிடையாது. இந்தப் பெட்டி அந்தச் சண்டையைத் தீர்த்தது. அதே செம்புக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும், நெட் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் போகும். நடுவில் தீப்பெட்டி அளவு ஸ்பிளிட்டர் இரண்டையும் பிரித்துவிடும். எங்கள் வீட்டில் மட்டும் பிரியவில்லை. தாத்தா காலத்தில் சமையலறைக்கு இழுத்த பேரலல் கனெக்‌ஷன் ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே கிளை பிரிந்திருந்தது. அம்மா உள்ளே ரிசீவரை எடுத்தால் கூடத்தில் ஏ.டி.எஸ்.எல். விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். "சார், அந்த போனைக் கழட்டிடுங்க, இல்லேன்னா அதுக்கும் ஒரு ஃபில்டர் போடுங்க" என்றார் லைன்மேன். போனைக் கழற்ற அம்மா சம்மதிப்பாளா? ரிச்சி தெருவுக்குப் போய் ஃபில்டர் வாங்கிவந்தோம்.

ஒரு கம்ப்யூட்டர்தான் என்பதற்குப் பெட்டியின் அமைப்பும் காரணம். பல வீடுகளில் மோடத்தை 'பிரிட்ஜ்' முறையில் விட்டுவிட்டுப் போவார்கள். வந்ததை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கடத்துவதோடு அதன் வேலை முடிந்தது. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு 'கனெக்ட்' அழுத்த வேண்டியது கம்ப்யூட்டர்தான். 192.168.1.1 என்று அடித்து உள்ளே நுழைந்து, மோடத்தையே லாகின் செய்யவைத்தால் ஒரு ஸ்விட்ச் வாங்கி இரண்டாவது கம்ப்யூட்டரையும் மாட்டலாம். யார் வீட்டில் இரண்டாவது இருந்தது?

ஆக, வீட்டுக்குள் இணையத்துக்கு ஓர் இடம் இருந்தது: கூடத்து மூலை. அங்கே போய் உட்கார வேண்டும், முறை வைத்துக்கொள்ள வேண்டும், எழுந்தால் அணைக்க வேண்டும். அப்போது குடும்பமே ஒன்றாக இருந்தது என்று உருகுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. என் அக்காவுக்கு வந்த மெயில்களை முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று பேர் படித்தோம். அவள் எழுதிய பதில்களெல்லாம் 'நலம், நலமறிய ஆவல்' பாணியில் இருந்ததில் என்ன ஆச்சரியம்? அவளுக்கு வைஃபை விடுதலைதான். அவசரமில்லாமையை வேண்டுமானால் பாராட்டலாம். 256 கே.பி.பி.எஸ்.ஸில் 2 எம்.பி. போட்டோ வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பேரனின் நெற்றி வந்து, கண் வந்து, முழு முகம் தெரிவதற்குள் அது யார் ஜாடை என்று வீட்டில் விவாதம் முடிந்திருக்கும். 2007இல் வேகம் 2 எம்.பி.பி.எஸ். ஆனது, விவாதத்துக்கு நேரமில்லாமல் போயிற்று.

இப்போது கம்பி போய் ஃபைபர். கீழ் ஃபிளாட் மாமிக்கு அதை மாற்றிக்கொடுக்கப் போயிருந்தேன். மாமியிடம் இருப்பது ஒரு டெஸ்க்டாப். செல்போன் பேசுவதற்கு மட்டும். புதுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு ஓட்டை இருக்கே. ஒண்ணுலதானே வயர் சொருகியிருக்கே? மிச்சம் மூணுக்கும் சேர்த்தா பணம் கட்டறேன்?"

"ஓட்டைக்கு இல்லை மாமி, வேகத்துக்குத்தான் பணம்."

"அப்ப வேகத்தைக் குறைச்சுக்கச் சொல்லு. நான் மெதுவாத்தான் டைப் அடிக்கறேன்."

மாமி சொன்னதில் தப்பில்லை. சான்ஹோசேயில் இருக்கும் மகனை வீடியோவில் பார்க்க 3, 4 எம்.பி.பி.எஸ். தாராளம், மாமி வாங்கியிருந்தது 100. அன்றைக்கே வைஃபையை அணைத்து, அடுத்த மாதத்திலிருந்து இருப்பதிலேயே மலிவான திட்டத்துக்கு எழுதிப் போட்டோம்.