கொழுந்து லொறியின் மரப்பெட்டி

ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் பழைய பெட்போர்ட் லொறிகள் பல பத்தாண்டுகள் கடந்தும் ஓடுவதற்கு எஞ்சினின் உறுதி மட்டும் காரணமன்று. 1970களின் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடும், 2020 மார்ச்சில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடித்த வாகன இறக்குமதித் தடையும் இருப்பதைச் செப்பனிட்டு ஓட்டும் நிலையை உருவாக்கின. அந்தச் சுமையைத் தாங்கியவர்களுள், லொறியின் மரப்பெட்டியைச் செய்யும், மலையகத்தார் ‘பாஸ்’ என்றழைக்கும் தச்சர்களுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

லொறியின் இரும்புச் சட்டமான செசியின் இரு கரங்கள் மீதும் நெடுக்குக் கட்டைகள் படுத்திருக்க, அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகளும், அதற்கும் மேல் தளப் பலகைகளும் அமைகின்றன. நெடுக்குக் கட்டையைப் பிணைக்கச் செசியின் விளிம்பில் துளையிட்டால் அவ்விடத்தில் இரும்பு வெடிக்கக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கவ்வும் யூ வடிவப் போல்ட்டுகளே பூட்டப்படுகின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் செசி முறுக்கும்போது, அம்முறுக்கில் ஒரு பங்கை மரம் ஏற்றுக்கொள்கிறது.

மிகுமழைப் பகுதியான வட்டவளை போன்ற இடங்களில் ஓடும் லொறியில், மேற்பரப்பு உறுதியாகத் தோன்றினாலும், பலகை குறுக்குக் கட்டையைத் தொடும் மறைவிடத்தில் நீர் தேங்கி மரம் உளுத்துப்போகிறது. பட்டறையில் தச்சர் முதலில் உளி முனையால் போல்ட் துளைகளின் ஓரத்தையும் பலகைகளின் வெட்டுமுகத்தையும் குத்திப் பார்க்கிறார்; நல்ல மரம் முனையைத் தடுக்க, உளுத்த மரம் ஓசையின்றி உள்வாங்கி, ஈரத்தில் துருவேறிய இரும்பைச் சுற்றிக் கறுத்த தூளாக உதிர்கிறது.

புதிய மரத்தில் வெளிறு எனப்படும் மென்மையான வெளிப்பகுதி களையப்பட்டு, வைரம் எனப்படும் உட்பகுதியே கொள்ளப்படுகிறது. வண்டிச் சட்டங்களுக்குப் பெயர்பெற்றதும், ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரில் முன்பு சென்னைக்கு ஏற்றுமதியாகி மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டதுமான சாவண்டலை, வளைந்து நிமிரும் தன்மையால் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. ஈரமரத்தைப் பொருத்தினால் அது பின்னர் சுருங்கி இடைவெளி விடும். நன்கு உலர்ந்ததை நெருக்கி அடித்தால் மழையில் உப்பித் தளத்தையே தூக்கிவிடும். ஆகவே உலர்ந்த பலகைகளுக்கிடையே சிறு இடைவெளி விடப்படுகிறது.

பிற லொறிகளுக்கு இல்லாத கட்டுப்பாடு ஒன்று கொழுந்து லொறிக்கு உண்டு. தேயிலை அயல் மணத்தை எளிதில் ஈர்த்துக்கொள்வதால், வேறு வண்டிகளின் அடிமரத்திற்குப் பூசப்படும் கழிவு எண்ணெய் இங்கே கூடாது. பறித்த கொழுந்தும் சுவாசிப்பதால், குவியலில் சூடேறுகிறது. நசுங்கினால் அதன் உயிரணுக்கள் உடைந்து, ஆலையில் உருட்டிய பின் நிகழ வேண்டிய ஒட்சியேற்றம் வழியிலேயே தொடங்கிவிடுகிறது. பக்கச் சட்டங்களைக் காற்றுப் புகும்படி இடைவிட்டு அமைப்பதும், தளத்தைச் சிலும்பின்றி இழைப்பதும் இதன்பொருட்டே. எடைபோடும் கொட்டகையான மடுவத்தில் ஏற்றப்படும் கொழுந்தின் தரம், இந்தப் பெட்டியைச் செய்தவரின் கையிலும் தங்கியுள்ளது என்பதை ஆலைக் கணக்குகள் எங்கும் பதிவுசெய்வதில்லை.

பலகைகளைப் பூட்டும், தலைக்குக் கீழே சதுரக் கழுத்துள்ள போல்ட் மரத்தில் அழுந்திச் சுழலாமல் நிற்பதால், நட்டைக் கீழிருந்தே ஒருவர் முடுக்க முடியும். புதிய மரம் பாரத்தில் அமர்ந்ததும் போல்ட்டுகள் நெகிழும். எனவே சில வாரங்களில் லொறியைத் திரும்பக் கொண்டுவருமாறு தச்சர்கள் வற்புறுத்துகின்றனர். கொழுந்து மிகும் பருவத்தில் ஒரு நாள்கூட லொறியை நிறுத்த மனமில்லாத நிர்வாகங்கள் இதைத் தள்ளிப்போட, பொறுப்புள்ள சாரதிகள் ஓய்வு வேளையில் தாங்களே லொறிக்கடியில் படுத்து நட்டுகளை முடுக்கிவிடுகின்றனர்.