'கன்சீவ்' ஆகிட்டாளா? ஒரு சொல் சுமக்கும் கதை

கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருக்கும். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகும் புது மருமகளிடம், பந்தியில் பக்கத்து இலை அத்தை குனிந்து கேட்பார்: "ஏதாச்சும் விசேஷம் உண்டாம்மா?" அதற்கான பதில் முன்பெல்லாம் "முழுகாம இருக்கா", "உண்டாகியிருக்கா", "மாசமா இருக்கா" என்று விதவிதமாக இருந்தது. இப்போது பல வீடுகளில் ஒரே பதில்தான். "கன்சீவ் ஆகியிருக்கா." ஆங்கிலம் படிக்காத பாட்டிகூட இதைச் சரளமாகச் சொல்கிறார்.

சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? தமிழில் சொல்லக் கூச்சமாக இருப்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம் என்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் கதை சுவாரஸ்யமானது.

கன்சீவ், கன்செப்ஷன், கன்செப்ட் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. லத்தீனில் 'கபேரே' என்றால் எடுத்தல், பிடித்தல். அதோடு 'கான்' சேர்ந்தால், உள்ளே வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளுதல். விறகில் தீ பற்றுவதற்கும் லத்தீன்காரர்கள் இதே வினையைச் சொன்னார்கள். வயிற்றில் கரு தங்குவதற்கும், மனதில் எண்ணம் தங்குவதற்கும் அதுவே சொல். பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இந்த இரண்டு பொருளும் கூடவே வந்தன. இன்றும் ஆங்கிலத்தில் 'ஐ கான்ட் கன்சீவ்' என்று ஒருவர் சொன்னால், 'என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை' என்கிறாரா, 'எனக்குக் கரு தங்கவில்லை' என்கிறாரா என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழுக்கு இது புதிதல்ல. வயிற்றில் இருப்பதும் கரு, கதைக்குள் இருப்பதும் கரு. 'கருத்தரித்தல்' என்பதில் உள்ள 'தரி'யைப் பாருங்கள். திருநீறு தரிக்கிறோம், மாலை தரிக்கிறோம். தாங்குவது, சுமப்பது. லத்தீனில் வாங்கிக்கொள்பவள், தமிழில் தாங்குபவள். இரண்டு மொழியிலும் வேலை முழுக்கப் பெண்ணுடையது!

அதற்குக் காரணம் உண்டு. இந்தச் சொற்கள் பிறந்தபோது உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஆண் விதைக்கிறான், பெண் நிலம் என்பதுதான் பல நாடுகளிலும் நம்பிக்கை. பாலூட்டிகளின் கருமுட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் முதன்முதலில் ஒரு நாயிடம் கண்டது 1827-ல்தான். விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றுசேர்வதை, கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்து ஆஸ்கர் ஹெர்ட்விக் விளக்கியது 1870-களில். ஆங்கிலேயர்கள் 'கன்செப்ஷன்' என்று பேசத் தொடங்கி ஐந்நூறு வருடங்களுக்குப் பிறகுதான், அதில் இரண்டு பேருக்கும் பங்கு என்பது கண்ணால் பார்த்து உறுதியானது.

பிறகு 1978. இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். அவர் உருவான கன்செப்ஷன் தாயின் உடலுக்குள் நடக்கவே இல்லை, ஒரு கண்ணாடித் தட்டில் நடந்தது. 'டெஸ்ட் டியூப் பேபி' என்று உலகமே சொன்னாலும் அதில் டெஸ்ட் டியூபுக்கு வேலையே இல்லை என்பது தனிக் கதை.

டாக்டர்களின் கணக்கிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கர்ப்பத்தின் 40 வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கருமுட்டை வெளிவருவது சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆக, 'இரண்டாவது வாரம்' என்று சொல்லப்படும்போது பெரும்பாலும் கன்செப்ஷனே நடந்திருக்காது. வெளிவந்த முட்டைக்கும் ஒரு நாள்தான் ஆயுள். இவ்வளவு குறுகிய நேரத்தை நம்பி நடக்கிற காரியத்துக்குத்தான் நாலாவது மாதமே கணக்குக் கேட்கிறோம். 35 வயதுக்குட்பட்ட பெண்ணென்றால், ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால்தான் பொதுவாகப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள்.

அப்படிப் போகும்போது யார் போகிறார்கள்? கருத்தரிப்பு மையங்களுக்கு மாமியாரோடு தனியாக வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்றும் உண்டு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கும். குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணமாக இருப்பதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். கணவருக்கான முதல் பரிசோதனையில் ஊசி கிடையாது, வலியும் கிடையாது. சில நாள் இடைவெளி விட்டு, ஒரு சின்ன டப்பாவில் விந்து மாதிரி கொடுத்தால் போதும். மனைவிக்கு எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பல வீடுகளில் அந்த டப்பா அவர் கைக்கு வருகிறது.