கறுப்புப் பட்டியும் கற்ற வழியும்

எந்தக் கலையாயினும் அதனைக் கற்பிக்க முன்வருபவர் யாரிடம் கற்றவர் என்று வினவிய பின்னரே பிள்ளையை ஒப்படைப்பது தமிழர் வழக்கம். வெள்ளவத்தையிலே மகளைப் பரதம் பயில அனுப்பும் தாய், ஆசிரியையின் குரு யார், அரங்கேற்றம் எங்கே நிகழ்ந்தது என்பவற்றை அயலாரிடம் கேட்டறிந்துகொள்கிறாள். கொட்டாஞ்சேனையிலே மகனை வாய்ப்பாட்டு வகுப்பிற் சேர்க்கும் தந்தை, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் ஆசிரியர் எந்தத் தரம் வரை தேறியவர் என்று விசாரிக்கிறார். அதே பெற்றோர் அதே பிள்ளைகளைச் சனிக்கிழமை மாலையிற் கராத்தே வகுப்புக்குக் கூட்டிச் செல்லும்போது, வகுப்பு எத்தனை மணிக்கு, மாதக் கட்டணம் எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளோடு அமைந்துவிடுகின்றனர். சுவரிலே கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும் சான்றிதழும் பயிற்றுநரின் இடையிலுள்ள கறுப்புப் பட்டியும் எஞ்சிய வினாக்கள் யாவற்றுக்கும் விடையாகிவிடுகின்றன. பாட்டிலே சுருதி பிசகினாற் செவி நோகும். கராத்தேயிலே பயிற்சி பிசகினால் நோவது பிள்ளையின் முழங்கால். அதிகம் விசாரிக்க வேண்டிய இடத்திலே விசாரணை குறைந்து காணப்படுவது வியப்புக்குரியது.

கறுப்புப் பட்டி உண்மையிற் கூறுவது யாது? அதன் முதற்படிக்கு யப்பானியர் வழங்கும் பெயர் 'ஷோதான்'. தொடக்கப்படி என்பதே அச்சொல்லின் பொருள். அடிப்படை நிலைகளையும் அசைவுகளையும் ஒழுங்காகக் கற்றவன் இனிமேற்றான் கலையினுள் நுழையத் தகுதி பெறுகின்றான் என்பது அதன் கருத்து. இத்தரமுறை கராத்தேயிலே தோன்றியதுமன்று. யப்பானின் புகழ்பெற்ற கல்வியாளருள் ஒருவரான கானோ ஜிகோரோ (1860 - 1938) பழைய மற்போர் நெறிகள் இரண்டினைப் பயின்று, 1882இல் தோக்கியோவிலே 'கொடோகான்' என்னும் பள்ளியை நிறுவி, ஜூடோ எனும் கலையை வகுத்தார். மாணவரின் வளர்ச்சியை அளப்பதற்கு அவர் ஏற்படுத்திய படிகளையே கராத்தே பின்னர் கடனாகப் பெற்றது.

அவ்வாறு கடன் பெற்றவர் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த பாடசாலை ஆசிரியரான ஃபுனாகோஷி கிச்சின் (1868 - 1957). 1922இல் தம் கலையைத் தோக்கியோவிலே செய்துகாட்டிய அவர், 1924இல் தம் மாணவர் சிலருக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டி வழங்கினார். ஆயின் அவருக்கு அத்தகைய பட்டியை எந்த ஆசிரியரும் கட்டியதில்லை. அவர் கற்ற காலத்து ஒகினாவாவில் அம்முறையே இருக்கவில்லை. அசாத்தோ, இத்தோசு என்னும் இரு முதுவரிடம் இரவுகளிற் பயின்ற அவர், மூன்று பயிற்சி வடிவங்களில் மட்டும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைச் செலவிட்டார். ஆசிரியர் போதும் என்று சொல்லும் வரை ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் அவர் பெற்ற சான்றிதழ். பட்டி பயிற்சியின் அடையாளமேயன்றிப் பயிற்சியாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி, கற்றவர் எல்லோரும் கற்பிக்க வல்லவராவரோ என்பது மற்றொரு வினா. 1949இல் அமைந்த யப்பானியக் கராத்தே சங்கம், 1956இலே பயிற்றுநராக வேண்டியோருக்கெனத் தனி வகுப்பொன்றைத் தொடங்கிற்று. பல்கலைக்கழகங்களிலே ஆண்டுக்கணக்கிற் பயின்று பட்டி பெற்ற இளைஞர்களே அதிற் சேர்ந்தனர். வல்லவனுக்கும் ஆசிரியனாவதற்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பதை அச்சங்கம் அதன் வழி ஒப்புக்கொண்டது. தமிழ் இலக்கணம் இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பாயிரம், நல்லாசிரியரை நிலத்தோடும் மலையோடும் நிறைகோலோடும் மலரோடும் ஒப்பிட்டபின், ஆசிரியராகத் தகாதாரைக் கூறப் புகுங்கால் கழற்குடத்தை உவமையாக்குகின்றது. கழற்காய்களை ஒவ்வொன்றாக இட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறை மாறி எல்லாம் ஒருங்கே கொட்டுண்ணும். நிற்கக் கற்பிக்குமுன் உயர உதைக்கக் கற்பிக்கும் பயிற்றுநர் எவரோ, அவர் கழற்குடமே என்க.

இலங்கையிலே கராத்தே பரவியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1973இல் வெளியான புரூஸ் லீயின் 'என்டர் த ட்ராகன்' உலகெங்கும் இளைஞரை இத்தகைய கலைகளின்பால் ஈர்த்தது. இன்று கொழும்பிலே கற்பிப்போரிடையே பலவகைப் பின்னணிகளைக் காணலாம். ஒரே ஆசிரியரிடம் நெடுங்காலம் இருந்து, அவருடைய வகுப்பிலேயே இளையோருக்கு உதவியாளராக நின்று, பின்னர் தனியே கற்பிக்கத் தொடங்கியவர் ஒரு வகையினர். போட்டிகளிலே பதக்கம் வென்று, அந்தப் புகழோடு பயிற்றுநரானவர் இன்னொரு வகையினர். வெளிநாட்டு ஆசான் வந்து நடத்தும் சில நாட் பயிலரங்குகளிலே சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டவர் வேறொரு வகையினர். முதல் வகையினரிடம் பொறுமையை எதிர்பார்க்கலாம். இரண்டாம் வகையினரிடம் வேகத்தையும் துணிவையும் எதிர்பார்க்கலாம். மூன்றாம் வகையினரை இன்னும் சில கேள்விகள் கேட்டே அறியவேண்டும். இவர்களுக்கு அப்பால் நிற்பவர் சிலம்ப வாத்தியார். மலையகத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் தந்தையிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கம்பெடுத்தவர் பலருக்குச் சான்றிதழ் ஏதும் இருப்பதில்லை. ஆயினும் யாரிடம் கற்றீர் என்று கேட்டால் பெயரும் ஊரும் உடனே வரும். அதைச் சரிபார்க்க ஊரே சாட்சியாக நிற்கும்.

பின்னணி கேட்டவிடத்துப் போதிதருமரைக் காட்டுவோரும் உளர். காஞ்சியினின்று சென்ற தமிழர் ஒருவரே சீனத்துக்கு இக்கலையை ஈந்தார் என்பது கேட்க இனியது. ஆயின் போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் அவரை மேற்றிசையிலிருந்து வந்த பாரசீகத்தவர் என்கிறது; மற்றொரு பழைய குறிப்பே தென்னிந்தியர் என்கிறது; அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூலோ 17ஆம் நூற்றாண்டுக்குரியது. இவ்வாராய்ச்சி எவ்வாறு முடிந்தாலென்ன? ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்திய குரு, இன்று தவறாக மடியும் ஒரு சிறுவனின் முழங்காலைத் திருத்த வரப்போவதில்லை. அதைத் திருத்துபவர் முன்னே நிற்கும் பயிற்றுநரே.

இவ்வாறு பின்னணியை வினவவேண்டிய காரணம் பிள்ளையின் உடலிலேயே உள்ளது. வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் நுனியருகே வளர்ச்சிக்குரிய மென்மையான பகுதி உண்டு. அது முதிர்ந்தோர் எலும்பைப் போல் உறுதியானதன்று. பெரியோருக்குரிய கடும் பயிற்சியை, முட்டிகளாற் கடின பலகையை அடிப்பதைப் போன்றவற்றை, பத்து வயதுப் பிள்ளை மேற் சுமத்துவது வீரமாகாது. காலை அகட்டவியலாத பிள்ளையின் தோளை அழுத்தி அமுக்குவதும் அத்தகையதே. தலையில் அடிபட்டு மயங்கிய பிள்ளையை அன்றே மீண்டும் களத்தில் இறக்கலாகாது. இவற்றை அறிந்தவர், எந்தப் பிரிவினராயினும், பயிற்றுநர். அறியாதவர், எத்தனை படி ஏறியவராயினும், ஆபத்தானவர்.

1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய விளையாட்டுச் சங்கங்களைப் பதிவு செய்வதற்கு வழிவகுத்தது. எனினும் சங்கத்தின் பதிவு ஒன்று, வாடகை மண்டபத்திலே நடைபெறும் ஒவ்வொரு வகுப்பையும் கண்காணித்துவிடாது. அக்கண்காணிப்பு பெற்றோரின் கடமை. யாரிடம், எத்தனை ஆண்டு கற்றீர்? சிறுவருக்குக் கற்பிக்க எங்கே பழகினீர்? உமது பிழையை இன்று திருத்துபவர் யார்? வகுப்பு நேரத்திலே கதவு திறந்திருக்குமா? இவற்றை மரியாதையோடு கேட்பதிலே அவமதிப்பு ஏதுமில்லை. நெடுங்காலம் கற்றவர் தம் ஆசிரியரின் பெயரைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததற்காக மகிழ்வர். கேள்வியைக் கேட்டதும் சினந்து சான்றிதழைச் சுட்டிக்காட்டுபவரிடமிருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதே பெற்றோருக்குத் தக்கது.