தூரத்துப் புல்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் வந்தது 2011இல். எங்கள் படிப்பு வட்டத்துத் தம்பிகள் மூன்று பேர் இன்னமும் அதை விடாமல் ஆடுகிறார்கள். நானும்தான். "அரசியல் பேசுற அண்ணனுக்கு கேம் எதுக்கு?" என்று ஒரு தங்கை கேட்டாள். எனக்கு அதில் சண்டை பிடிக்காது, சும்மா நடக்கப் பிடிக்கும். பஸ் காசு இல்லாமல் மலை மலையாகச் சுற்ற வேறு வழி தெரியவில்லை.

அப்படி நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். காலைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று புல். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் மொட்டைத் தரை. முன்னே போனால் பச்சை வட்டமும் கூடவே வரும், விட்டு வந்த இடம் மறுபடி மொட்டையாகிவிடும்.

அந்த உலகம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 58 மீட்டர். நாம் நிற்கும் கட்டத்தை நடுவில் வைத்து ஐந்துக்கு ஐந்து, 25 கட்டங்களை மட்டும் கணினி முழுதாக ஏற்றி வைக்கும். அதற்கு அப்பால் மரத்துக்கும் பாறைக்கும் மெலிந்த நகல் உண்டு. புல்லுக்கு அதுவும் இல்லை. புல்லை யாரும் ஒவ்வொன்றாக நட்டு வைக்கவில்லை என்பதுதான் காரணம். 'இந்த மண்ணில் இந்தப் புல்' என்று ஒரு விதி மட்டும் எழுதியிருக்கிறார்கள். நாம் பக்கத்தில் போகிற நேரத்தில்தான் அந்த விதிப்படி புல் முளைக்கும்.

இதைச் சரிசெய்ய 'மாட்'கள் இருக்கின்றன. (மாடு இல்லை, மாட். ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் மாற்றங்களுக்கு அந்தப் பெயர்.) 'நோ கிராஸ் இன் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற மாட், பாறைக்குள்ளும் பாதை நடுவிலும் புல் முளைப்பதைத் தடுக்கும். புல் கணக்கெடுப்பையும் அதுவே செய்யும். விளையாட்டு இருக்கும் ஃபோல்டரில் 'பிரீகேஷ்கிராஸ்' என்ற பெயரில் காலியான டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை வைத்து இயக்கினால், ஆட்டம் தொடங்காது. கணினி தானே ஒவ்வொரு கட்டமாகப் போய் நின்று, புல்லை முளைக்க விட்டு, எங்கே என்ன முளைத்தது என்று கட்டத்துக்கு ஒரு கோப்பாக எழுதி வைக்கும். பல மணி நேரம் ஓடும். நடுவில் நின்றுபோகும், அது வழக்கம்தான். மறுபடி இயக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், முடித்த கட்டங்களை அந்த டெக்ஸ்ட் கோப்பிலேயே குறித்துக்கொண்டு வருவதால். எனக்கு இரண்டு ராத்திரி ஆனது, கரண்ட் போனதையும் சேர்த்து.

அதன் பிறகுதான் டைன்டோலாட். ஷெசன் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் உருவாக்கிய கருவி. அதோடு வரும் டெக்ஸ்ஜென் ஒவ்வொரு வகைப் புல்லையும் தட்டையான படமாகப் பிடித்துத் தரும். டைன்டோலாட் கணக்குக் கோப்புகளைப் படித்து, அந்தப் படங்களைத் தூரத்து நிலத்தில் நட்டுவிடும். கணக்கில் இருப்பதில் எத்தனை சதவீதம் நட வேண்டும் என்று நாமே சொல்லலாம். என் பழைய லேப்டாப் 100ஐத் தாங்காது. 30 கொடுத்தேன், கண்ணுக்கு அதுவே போதும். கிட்டத்துப் புல்லும் தூரத்துப் புல்லும் நிறம் ஒத்துவராமல் நடுவில் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. அதைச் சரிபண்ணவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

நான் சொல்ல வந்தது வேறு ஓர் அமைப்பைப் பற்றி. அந்த மாட்டில் 'கோப்பிலிருந்து மட்டும் ஏற்று' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் கணினி மண்ணைப் பார்க்காது, கோப்பைத்தான் பார்க்கும். ஒரு கட்டத்துக்குக் கோப்பு இல்லையென்றால் அங்கே புல் இல்லை என்று முடிவு. தூரத்தில் மட்டுமல்ல, அந்தக் கட்டத்துக்குள்ளேயே போய் நின்றாலும் ஒரு புல் தெரியாது. தம்பி ஒருவன் ஒரே ஒரு கட்டத்தின் கோப்பை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு ஓட்டிக் காட்டினான். நாலாபுறமும் புல்வெளி, நடுவில் சவரம் செய்ததுபோல் ஒரு சதுரம்.

"அண்ணே, நம்ம மேய்க்கால் மாதிரியே இருக்கு" என்றான்.

அவன் சொன்ன இடம் திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர்ப் பக்கம். போன கார்த்திகையில் அந்த நிலம் சம்பந்தமான மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். மழை பெய்து கணுக்கால் உயரம் புல் நின்றது. அந்தப் புல்லில் நின்றபடியே கையிலிருந்த பதிவேட்டு நகலைப் பார்த்து, "இது தரிசுங்க, ஒண்ணும் இல்லாத இடம்" என்றார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி சத்தமாகவே கேட்டார்: "அப்ப எங்க ஆடு இத்தன வருசமா என்னத்தத் தின்னுச்சாம்?"

பதிவேட்டில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று பார்த்திருப்பீர்கள். தீர்வை என்றால் வரி. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கணக்கை எழுதியவர்கள் வரியை எண்ணினார்கள், புல்லை எண்ணவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் வந்த அரசாணைப்படி நம் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமும் இந்தத் தரிசுக் கணக்கிலிருந்துதான் வந்தது. இப்போது செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒன்றிய அரசு 'தரிசுநில வரைபடத் தொகுப்பு' வெளியிடுகிறது, கடைசியாக 2019இல். புதர்க்காடு அதில் தரிசு வகை. ஆடு வளர்க்கிறவர்களைக் கேட்டால் புதர்க்காட்டுக்கு வேறு பெயர் சொல்வார்கள்.

நிலம் உள்ளவர்களுக்குக் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, தங்கள் மாட்டைத் தாங்களே மேய்க்கலாம். காலனியில் இருப்பவர்களுக்கு மேய்க்கால், குளத்து உள்வாய், ரோட்டோரம். பொது நிலங்களை மீட்கச் சொன்ன 2011 ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பை மனுவில் காட்டியிருக்கிறோம். அதைக் காட்டினாலும், 'அங்கே என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு நம்மிடம் எழுத்தில் ஒரு தாளாவது வேண்டும்.

அதைத்தான் இப்போது செய்கிறோம். புல வரைபடத்தை வாங்கி, அதன்மேல் கட்டம் போட்டு, ஆறு பேர் கட்டம் கட்டமாக நடக்கிறார்கள். பெரியம்மா கூட வருகிறார். அருகு, கொழுக்கட்டைப் புல், ஒட்டுப்புல் என்று அவர் பெயர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுகிறோம். கூடவே தேதி, போட்டோ, அன்றைக்கு மேய்ந்த ஆடு எத்தனை, யார் வீட்டு ஆடு. வெயில் ஏறினால் நிறுத்திவிடுவோம், விட்ட கட்டத்தில் குறி போட்டுவிட்டு. சித்திரையில் நடந்த முதல் சுற்றில் பாதிக் கட்டம் காய்ந்துதான் கிடந்தது, அதையும் அப்படியே எழுதியிருக்கிறோம். ஐப்பசி மழை விழுந்ததும் அடுத்த சுற்று. அதற்கு இன்னும் நாலு பேர் வேண்டும். செருப்புப் போட்டு வாருங்கள், நெருஞ்சி அதிகம்.