மயிரிழைக் கோடு

சென்ற கோடை விடுமுறையில், எம் பாட்டியாரின் கல்லறைக்கு எழுத்து வெட்டுவித்தற்பொருட்டு ஏற்காட்டிற்குச் சென்றிருந்தோம். தமிழ் பயில்பவராதலின், எழுத்தின் வடிவைத் தேரும் பொறுப்பு எம்மையே சார்ந்தது. பருங்கோடும் மயிரிழைக் கோடும் மாறி மாறி வரும் தமிழெழுத்தொன்றைக் கணினியிற் கண்டெடுத்துத் தாளில் அச்சிட்டுக் கொண்டுசென்றோம். இத்தாலியின் பார்மா நகரில் போதோனி (1740–1813) அமைத்த உரோம எழுத்துக்களின் சாயல் அதில் இருந்தது. அவ்வழகில் யாம் மயங்கியிருந்தோம் என்பதை ஒளிப்பானேன்?

கல்தச்சர் தாளை நோக்கினார். ஒன்றும் கூறாது எம்மைப் பழைய சலவைக்கல் ஒன்றன்முன் நிறுத்தினார். அதிலும் அத்தகைய எழுத்தே, ஆங்கிலப் பெயர். மலைமழையில் மெல்லிய கோடுகளெல்லாம் கரைந்துவிட்டன. ‘எச்’ என்னும் எழுத்து, இடைக்கோடு நீங்கி, இரண்டு ‘ஐ’யாக நின்றது. அங்கு உறங்குபவர் யாரென அறியக்கூடவில்லை.

“தம்பி, உங்கள் ஏட்டில் ஏற்காட்டை எப்படி எழுதுவீர்கள்?” என்றார். ‘ஏ’யின் கீழ்க்கோடு தேயின் ‘எ’ ஆகும் அன்றோ! இலக்கணம் பயின்ற எமக்கு நாணமுண்டாயிற்று.

போதோனியின் மயிரிழை வழவழப்பான தாளுக்கும் பெரிய தலைப்புக்கும் உரியது. ஓலையில் எழுத்தாணி கீறியதோ பெரும்பாலும் ஒரே பருமனுள்ள கோடு. சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்டு துரையார் 1862இல் அச்சிட்ட வின்சுலோ அகராதியின் சிற்றெழுத்து இன்றும் தெளிவாயிருக்கின்றது. ஆயினும் அது மழையில் நனைந்ததன்று.

பருமன் மாறா எழுத்தில் ஆழ வெட்டுமாறு வேண்டினோம். புள்ளிகளை மட்டும் கல்தச்சர் தாமே இருமுறை உளியிட்டார்.